மாடு இறங்கும் நாள்

பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் கைகளை உயர்த்தச் சொல்லி எண்ணி, பெரும்பான்மைப்படி முடிவெடுக்கும் பழக்கம் இப்போது பரவிவருவதாகக் கேள்விப்படுகிறேன். அதனால் நேரம் மிச்சமாகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குளத்தில் தண்ணீர் குறைந்திருக்கும் ஆண்டில், எண்ணிக்கையில் தோற்றவர்களின் வயல்கள் வாய்க்காலின் தலைப்பில் இருக்குமானால், அந்த முடிவு எத்தனை நாளைக்கு நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். தலைப்பில் இருப்பவர் எதிர்த்துப் பேசவேண்டிய அவசியமே இல்லை. அவர் கையில் ஒரு மண்வெட்டி இருந்தால் போதும்.

கமநல சேவையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், விதையினங்களையும் உரப்பசளை அளவுகளையும் நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல விரும்புவது கோடையில் விதைக்கும் ஒரு சிறுபோகத்தைப் பற்றியும், அந்தப் போகத்தில் ஒரு பிடிவாதக்காரர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியும் மட்டுமே. நூறு வயதை எட்டும் தறுவாயில், சில ஆண்டுகளுக்கு முன்பு, அவர் காலமானார். அவருடைய இறுதிச் சடங்குக்குப் போய்வந்த நாளிலிருந்து இதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் அவரைப் பட்டாளத்தார் என்று அழைத்தார்கள். தோப்பூருக்குத் தெற்கே, குளத்துக்கு அண்மையிலுள்ள மேல்வட்டை என்ற வயல்வெளியில் அவருக்கு வயல் இருந்தது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், மீசை முளைத்த வயதில், வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து திருகோணமலைத் துறைமுக வாயிலில் இருந்த பீரங்கித் தளத்தில் காவல் நின்றவர். யப்பான் விமானங்கள் குண்டு போட்டுவிட்டுப் போன பிறகுதான் அவர் அங்கே சேர்ந்தார். அவர் காவல் நின்ற காலம் முழுவதும் பீரங்கிகள் கடலைப் பார்த்தபடியே இருந்தன. எதிரிக் கப்பல் எதுவும் வரவில்லை. யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்பி, மிச்சமிருந்த ஆயுள் முழுவதையும் வயலிலேயே கழித்தார். ஒரு வெடியும் வைக்காத பட்டாளத்தார் என்று ஊரில் அவரைச் சீண்டுவார்கள். அவர் அதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவரைக் கோபப்படுத்தக்கூடிய சொல் ஒன்று இருந்தது. அது வரம்பு. பட்டாளத்துக்குப் போகும்போது, தான் திரும்பி வரும்வரை செய்துகொள்ளும்படி தன் வயலை மூத்த தமையனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது வயலின் நடுவே புதிதாக ஒரு வரம்பு எழுந்து, புல்லும் பிடித்திருந்தது. தமையனோடு வழக்காடி அதில் ஒரு பகுதியை மீட்பதற்கே அவருடைய இளமை கழிந்தது. இதை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். கமநல உத்தியோகத்தராக அந்தப் போகத்தின் முதற்கூட்டத்துக்குப் போகும்போது நான் அறிந்திருக்கவில்லை.

அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தது. சிறுபோகத்துக்குக் குளத்தில் இருந்த தண்ணீர் மேல்வட்டைக்கு மட்டுமே காணும். வாய்க்காலின் கடைசியிலிருந்த கீழ்வட்டைக்காரர்களோ உள்நாட்டுப் போரினால் நெடுங்காலம் இடம்பெயர்ந்திருந்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களுமாக அங்கே இருந்த குடும்பங்களுக்கு அதுவே திரும்பி வந்தபின் முதற்போகம். சட்டிபானையைத் தவிர அநேகரிடம் வேறொன்றும் இருக்கவில்லை. அந்தப் போகம் தவறினால் அவர்கள் மறுபடியும் ஊரை விட்டுப் போவார்கள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இப்படியான ஆண்டுகளுக்கென்று ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. சிங்களத்தில் அதைப் 'பெத்ம' என்பார்கள். நம் வயல்செய்யும் கமக்காரர்களும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் எட்டக்கூடிய மேல்வட்டையை மட்டும் விதைப்பது. அதை அந்த ஒரு போகத்துக்கு மட்டும் எல்லாக் கமக்காரருக்கும் துண்டு துண்டாகப் பகிர்ந்து கொடுப்பது. போகம் முடிந்ததும் அவரவர் காணி அவரவருக்கே திரும்பும். சொல்வதற்கு எளிதான ஏற்பாடுதான். தன் வயலில் இன்னொருவர் ஏர் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியவருக்கு அது எளிதல்ல.

அப்போது வழியில் பாலங்கள் இல்லை. திருகோணமலையிலிருந்து லோஞ்சிப் படகில் மூதூருக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் தோப்பூருக்குப் போவேன். முதற்கூட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பாடசாலை மண்டபம் நிறைந்திருந்தது. பெத்ம என்ற சொல்லை நான் சொல்லி முடிப்பதற்குள் மேல்வட்டைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். அவர்களுக்காகப் பேசியவர் தங்கராசா. பட்டாளத்தாரின் தங்கையின் மகன், ஐம்பது வயதிருக்கும், பெரிய மாட்டுப்பட்டி வைத்திருந்தவர். கீழ்வட்டைக்காரர்கள் படும் பாடு தனக்குத் தெரியும் என்றும், ஆனால் பாவம் பார்த்துக் கொடுத்த காணி திரும்பி வந்ததாகத் தான் கேள்விப்பட்டதில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, மூலையில் நின்ற பட்டாளத்தாரைத் திரும்பிப் பார்த்தார். மண்டபம் முழுவதுமே அந்தப் பக்கம் திரும்பியது.

பட்டாளத்தார் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"குடுக்கிற நாள் எது எண்டு சொல்லுறியள், பிள்ளை. திரும்பி வாற நாள் எது?"

அறுவடை முடிந்ததும் என்றேன்.

"அறுவடை ஆருக்கு எப்ப முடியும்? ஒருத்தன் வெட்டி முடிய மற்றவன் உளுந்து போடுவான். உளுந்து முடியப் பூசணி நடுவான். அதுக்குப் பிறகு வரம்பு கட்டுவான்."

கீழ்வட்டைக்காரர்களின் எண்ணிக்கை அதிகம். கைகளை உயர்த்தச் சொன்னால் பெத்ம நிறைவேறிவிடும். என்னோடு வந்திருந்த மேலதிகாரி அதைத்தான் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். குளத்தின் மட்டம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் சில வயல்களை இழப்போம். அவருடைய அவசரத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பட்டாளத்தாரின் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. விடையில்லாத கேள்வியை எண்ணிக்கையால் மூடினால், அது வாய்க்காலில்தான் மறுபடி எழும். அந்தக் கிழமை முடிவதற்குள் மீண்டும் கூடுவோம் என்று சொல்லிக் கூட்டத்தை ஒத்திவைத்தேன்.

மறுநாள் பட்டாளத்தாரின் வயலுக்குப் போனேன். அறிவுரை கேட்கப் போகவில்லை. அவர் கேட்ட நாளை அவரே குறித்துத் தரவேண்டும் என்று கேட்கத்தான் போனேன். வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தவர், முதலில் தமையனின் கதையைச் சொன்னார். பிறகு வயலுக்கு அப்பாலிருந்த பற்றைக்காட்டைக் காட்டினார். அங்கே எலும்பும் தோலுமாக மாடுகள் நின்றன.

அறுவடை முடிந்தபின் வயல்வட்டை எல்லோருடைய மாட்டுக்கும் பொது. குறித்த நாளில் பட்டிகள் ஒன்றாக இறங்கும். அதன்பிறகு யாருடைய வரம்பு என்ற கேள்வி கிடையாது. அந்த நாளைத்தான் பட்டாளத்தார் கேட்டார். விதைப்புக்கு முன்பே நாளைக் குறிக்கவேண்டும். மூன்று மாத நெல்லைத் தவிர வேறெதையும் விதைக்கக்கூடாது. புதிய வரம்பு எதுவும் கட்டக்கூடாது. அந்த நாளில் மாடு இறங்கும்போதே பெத்ம முடிந்துவிடும். வெட்டி முடித்தவரானாலும் முடிக்காதவரானாலும், அந்தக் கணத்தோடு காணி உரியவரின் கைக்குத் திரும்பிவிடும். அதன்பின் பயிர் நின்றால், காணிச் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் காவலுக்கு வரமுடியாது.

"தள்ளிப்போடுற கதை இருக்கப்படாது. அதுக்கு நீங்கள் கையெழுத்து வைக்கிறியள் எண்டால் நான் தங்கராசாவோடை கதைக்கிறன்."

பட்டாளத்தாரின் நிபந்தனைகளை எழுதி நான் கையெழுத்து வைத்தேன்; இரண்டாவது கூட்டம் தேநீர் ஆறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. கையை உயர்த்தச் சொல்லவேண்டிய தேவையே ஏற்படவில்லை.

துண்டுகள் சீட்டுப் போட்டுப் பகிரப்பட்டன. பட்டாளத்தாரின் வயலின் தாழ்ந்த மூலை ரஹீமா என்ற பெண்ணுக்கு விழுந்தது. கணவனை இழந்தவர், மாமியையும் பிள்ளைகளையும் தனியே தாங்கி நின்றவர். அவரே உழவுக்கு ஆள் பிடித்தார், அவரே விதைத்தார். விதைத்த மறுநாள், யாரும் எதிர்பாராத ஒரு கோடை மழை பெய்தது. முழு வட்டையும் அந்த மழையைக் கொண்டாடியது. தாழ்ந்த மூலையில் மட்டும் வெள்ளம் தேங்கி விதையை அழுகவைத்துவிட்டது. ரஹீமா அயலில் விதைநெல் கேட்டு வாங்கி மறுபடியும் விதைத்தார். அதற்குள் மற்றவர்களுடைய வயல்கள் பச்சை பிடித்துவிட்டிருந்தன.

இதன் விளைவு எப்போது வெளிப்படும் என்பதை நான் அன்றே கணக்கிட்டிருந்தேன். ரஹீமாவும் கணக்கிட்டிருந்தார். மாடு இறங்கும் நாள் நெருங்கியபோது மற்ற வயல்களில் அருவி வெட்டு, அதாவது நெல்லறுப்பு, நடந்தது. அவருடைய நெல்லில் அப்போதுதான் மணி பழுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு கிழமை, ஏழு நாள், தேவைப்பட்டது.

அவர் என்னைத் தேடி எங்கள் சேவை நிலையக் கந்தோருக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"ஒரு கிழம மிஸ். நான் புதுசா ஒண்டும் கேக்கல்ல. அந்த மழை பெய்யாட்டி நானும் எல்லாரோடயும் வெட்டியிருப்பன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்த மூலையில் நின்றது அவருடைய வீட்டின் ஓராண்டு உணவும் அடுத்த மழைக்காலப் பெரும்போகத்துக்கான விதைநெல்லும். மேலதிகாரியிடம் பேசினேன். ஒரு கிழமை தள்ளிவையுங்கள், யாரும் நீதிமன்றத்துக்குப் போகமாட்டார்கள் என்றார். நாளுக்குக் கையெழுத்திட்டவள் நான் என்பதால் அதிகாரம் என் கையில்தான் இருந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். உங்களுக்கும் இப்படியொரு நாள் வரும். தள்ளிவைத்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். ஆனால் பற்றைக்காட்டில் மாடுகள் பசியால் விழத் தொடங்கியிருந்தன. பட்டிக்காரர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அதற்கு மேலாக, தங்கள் காணியைக் கொடுத்துவிட்டு ஒரு நாளை மட்டும் நம்பியிருந்தவர்கள் இருந்தார்கள். அரசாங்கம் குறித்த நாள் கண்ணீருக்கு நகரும் என்று அவர்கள் ஒருமுறை கண்டுவிட்டால், அடுத்த வறட்சியில் மேல்வட்டையில் ஒரு சாண் நிலம்கூடக் கிடைக்காது. அன்று வாடப்போவது ஒரு ரஹீமா அல்ல. ஆனால் அந்தப் பிற்கால ரஹீமாக்களுக்கு முகம் இல்லை. என் முன்னால் நின்றவருக்கு முகம் இருந்தது. கருணை என்பது முகம் தெரிந்தவர்களுக்கு மட்டும் உரியதா என்று அன்று முழுவதும் என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

நாளை மாற்ற ஏலாது என்று ரஹீமாவிடம் சொன்னேன். நானே நேரில் சொன்னேன்; ஆளனுப்பவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சரி மிஸ் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் 'சரி'யின் பாரத்தை நான் இன்னும் இறக்கிவைக்கவில்லை.

குறித்த நாள் காலையில் நானும் வட்டைக்குப் போனேன். அந்த முடிவு எதைச் செய்யும் என்பதைப் பார்க்காமல் கந்தோரில் இருப்பது சரியென்று எனக்குப் படவில்லை. பட்டிகள் வந்து நின்றன. தங்கராசா முன்னால் நின்றார். வெட்டி முடித்த வயல்களின் நடுவே அந்த மூலை மட்டும் பசுமஞ்சளாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் ரஹீமா கையில் தாக்கத்தியோடு நின்றார். பழுக்காத கதிர்களையாவது அரிந்து கொண்டுபோகலாம் என்று வந்திருக்கவேண்டும். அவருக்கு முன்னால், மாடுகள் வரும் பக்கத்தைப் பார்த்தபடி, கம்பு ஒன்றோடு பட்டாளத்தார் நின்றார்.

தங்கராசாவின் முகம் இறுகியது.

"மாமா, இது நீங்கள் கேட்ட நாள்."

"ஓம். நான் கேட்ட நாள்தான். ஆர் இல்லையெண்டது? மாட்டை விடு."

"அங்கை பயிர் நிக்குதே."

"நிக்கட்டும். உன்ரை முதல் மாடு கால் வைக்கிறதோடை இந்தக் காணி என்ரை கைக்கு வருகுது. பிறகு நிக்கிறது என்ரை காணியிலை நிக்கிற பயிர். என்ரை பயிருக்கு நான் காவல் நிக்கிறன். உனக்கு என்ன?"

தங்கராசா என்னைப் பார்த்தார். நாள் மாறவில்லை. பெத்ம முடிந்துவிட்டது. காணி உரியவரிடம் திரும்பிவிட்டது. இரண்டாவது கூட்டத்தில் நாங்கள் தீர்மானித்த எல்லாமே எழுத்துக்கு எழுத்து நடந்துகொண்டிருந்தது.

தங்கராசாவுக்கு இயலாமையில் சிரிப்பு வந்தது. சுற்றி நின்றவர்களிடம் உரக்கச் சொன்னார்.

"துறைமுகத்திலை ஒரு வெடியும் வைக்காமல் வந்த ஆள், இப்ப என்ரை மாட்டோடை சண்டைக்கு நிக்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். பட்டாளத்தாரும் சிரித்தார்.

"ஒரு கப்பலும் உள்ளுக்கு வரேல்லைத்தானே. காவல் எண்டால் அதுதான்ரா."

மாடுகள் இறங்கின. அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு போயின.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. அன்று என்னைவிடவும் வேகமாக யோசித்தவர் ரஹீமாதான். மாடுகள் விலகியதும் அவர் பட்டாளத்தாரிடம் வந்து, அப்படியென்றால் இந்த வேளாண்மை இனி ஐயாவுடையதா என்று கேட்டார். கிழக்கில் நாம் நெற்பயிரைத்தான் வேளாண்மை என்போம். நான் திடுக்கிட்டேன். பட்டாளத்தார் சொன்னபடி பார்த்தால் அது அவருடையதேதான். அவர் அதை வெட்டித் தன் வீட்டுக்கு ஏற்றினால் தடுப்பதற்கு என்னிடம் ஒரு வாக்கியமும் இல்லை. நானே கையெழுத்திட்டுக் கொடுத்த உரிமை அது.

"முதல் விளையட்டும், பிள்ளை. விளையாத நெல்லுக்கு என்ன கதை?" என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் பகலில் அவர் நின்றார். இரவில் மகன்மார் நின்றார்கள். எண்பதை நெருங்கிய மனிதர் வெயிலில் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் ரஹீமா வீட்டிலிருந்து ஒரு கதிரையை வரம்பு வழியே தலையில் சுமந்துகொண்டு வந்து வைத்தார். அதில் அவர் உட்காரவேயில்லை. இருந்தால் நித்திரை வரும், காவலில் இருக்கப்படாது என்றுதான் பட்டாளத்தில் தங்களுக்குச் சொல்லித் தந்தது என்றாராம். கதிரையில் அவருடைய தோள் துவாய்தான் கிடந்தது. தங்கராசாவின் மாடுகள் நாளுக்கொருமுறை அந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போகும். தங்கராசாவும் வருவார், மாமா, கப்பல் ஏதும் கண்டனீங்களோ என்று கேட்பார். கேட்டுவிட்டு, தேநீர்ப் போத்தலை வரம்பில் வைத்துவிட்டுப் போவார்.

நெல் விளைந்தது. வெட்டு நாளில் நான் போயிருந்தேன். வெட்டிப் போட்ட உப்பட்டிகளைக் கட்டி, சூடடித்து, நெல்லைத் தூற்றிக் குவித்த பிறகும் ரஹீமா அதில் கைவைக்காமல் ஒதுங்கி நின்றார். பட்டாளத்தார் குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து ஒரு பிடி வைக்கோலை எடுத்து முகர்ந்தார்.

"வைக்கோல் காணிக்காரனுக்கு. என்ரை மாடு ஒரு கிழமையாப் பட்டினி. நெல்லை ஏத்து, பிள்ளை. மழை கிழை வந்திடும்."

அவ்வளவுதான். ரஹீமா நன்றி சொன்னாரா என்பது எனக்கு நினைவில்லை. சாக்கைப் பிடிக்க ஒருவர் தேவைப்பட்டதால் நானும் பிடித்தேன்.

சில ஆண்டுகளின் பின் மறுபடியும் ஒரு வறட்சி வந்தது. பெத்ம என்று நான் வாயெடுப்பதற்கு முன்பே தங்கராசா எழுந்து, மாடு இறங்கும் நாள் எது என்று கேட்டார். நாளைக் குறித்தோம். அதன்பின் நான் பணியில் இருந்தவரையில் அந்த வட்டையில் பெத்மவுக்கு எதிர்ப்பு இருக்கவில்லை. புதிய வரம்பு எதுவும் எழவுமில்லை.

நான் நாளைத் தள்ளிவைத்திருந்தால் ரஹீமாவின் நெல் அப்போதும் விளைந்திருக்கும். பட்டாளத்தார் வந்து நிற்பார் என்று தெரிந்து நான் மறுக்கவுமில்லை. அவர் வராமல் விட்டிருந்தால் என் முடிவின் விலையை ரஹீமாதான் கொடுத்திருப்பார். ஆகவே நான் செய்தது சரியென்று உங்களை நம்பவைக்க நான் முயலவில்லை. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். உத்தியோகத்தர் வாக்கைக் காப்பாற்றினால், இரக்கத்துக்கு வேறு மனிதர்கள் வழி தேடக்கூடும். உத்தியோகத்தரே வாக்கைத் தளர்த்திவிட்டால், இரக்கப்பட்டுக் காணி கொடுக்க அடுத்தமுறை யாரும் முன்வரமாட்டார்கள். தளர்த்தவே கூடாது என்று சொல்லவில்லை. தளர்த்துவதானால், அந்தச் சுமை யாருடைய தலைக்கு மாறுகிறது என்பதைப் பார்த்துவிட்டுத் தளர்த்துங்கள். எப்படி முடிவெடுத்தாலும், அதன் விளைவு தெரியும் நாளில் வயலுக்குப் போங்கள்.

பட்டாளத்தாரின் இறுதிச் சடங்குக்கு இப்போதைய பாலங்கள் வழியாகப் பஸ்ஸிலேயே போனேன். கொடியோ துப்பாக்கி மரியாதையோ இருக்கவில்லை. அவரோடு காவல் நின்றவர்களில் எவரும் மிஞ்சியிருக்கவுமில்லை. கீழ்வட்டையிலிருந்து அநேகமாக எல்லோரும் வந்திருந்தார்கள். ரஹீமா தன் மகனோடு வந்து, பெண்களோடு ஒரு கரையில் நின்றார்.

சுடலைக்கு வட்டையை ஊடறுத்துத்தான் போகவேண்டும். பெரும்போக நெல் இடுப்பளவுக்கு நின்றது. நேராக இறங்கினால் கிட்ட. பாடை கொண்டுபோகும்போது மிதிபட்ட பயிருக்கு அங்கே யாரும் வழக்குப் பேசுவதில்லை. ஆனால் பாடையைத் தூக்கியவர்கள் வயலில் இறங்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கால் மாற்றி, வரம்பைச் சுற்றி நீண்ட வழியாகவே போனார்கள். வாய்க்கால் ஓரத்தில் தப்பி வந்த இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. எழுபதைத் தாண்டிய தங்கராசா, கையில் ஒரு கம்போடு, பாடைக்கு முன்னால் நடந்து அவற்றைப் பயிருக்குள் இறங்காமல் ஒதுக்கிக்கொண்டே போனார்.

வரம்பு குறுகிய ஓரிடத்தில் தூக்கியவர்கள் தடுமாறி நின்றார்கள். நேரமாகிறது, வயலுக்குள் இறங்குவோம் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

தங்கராசா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஆறுதலாப் போங்கோ. மாமா நிண்டு பழகின ஆள்."